எல்டிஓ-6, 8, 9, 10: ஸ்டுடியோவுக்கு எந்த டேப் டிரைவ்?

கேள்வி

சார், வணக்கம். காரைக்குடியில் நானும் என் கணவரும் பதினெட்டு வருடமாகக் கல்யாண போட்டோ, வீடியோ ஸ்டுடியோ நடத்துகிறோம். வேலை முடிந்த ஃபைல்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு பீரோவில் அடுக்கிவைப்பது வழக்கம். இப்போது 19 டிஸ்க் இருக்கின்றன, மொத்தம் 46 டிபி (டெராபைட், ஒரு டிபி ஆயிரம் ஜிபி). 4கே-வுக்கு மாறியபிறகு வருடத்துக்கு 13 டிபி சேர்கிறது. ஆடி மாதம் இரண்டு டிஸ்க் அடுத்தடுத்து நின்றுவிட்டன. ஒன்றில் இருந்த கல்யாணத்துக்கு இன்னும் ஆல்பம்கூடக் கொடுக்கவில்லை. எடிட்டிங் கம்ப்யூட்டரில் ஒரு நகல் கிடைத்ததால் தப்பித்தோம்.

இனி கம்ப்யூட்டர் ஃபைல்களைப் பதிந்துவைக்கும் காந்த டேப்புக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். சென்னையில் ஒருவர் பழைய எல்டிஓ-6 டிரைவையும் கூடவே உபயோகித்த 20 டேப்பையும் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். மதுரை டீலர் எல்டிஓ-9தான் வாங்க வேண்டும் என்கிறார். பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் என் தம்பி, "எல்டிஓ-10 வந்துவிட்டது, பழசை ஏன் வாங்குகிறாய்?" என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பின்குறிப்பு: எங்களிடம் ஏற்கெனவே எல்டிஓ-5 டேப் 14 இருக்கின்றன. 2012-ல் வாங்கிய டிரைவில் எழுதியவை. 2018-ல் அந்த டிரைவ் கெட்டுப்போனதோடு டேப் பழக்கமும் விட்டுப்போனது.

பதில்

பின்குறிப்பில் எழுதியதை நீங்கள் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். அந்த 14 டேப்புக்குக் கடைசியில் வருகிறேன். அதுவரை அவற்றை எந்த டிரைவிலும் நுழைக்க வேண்டாம், யாரிடமும் கொடுத்தனுப்பவும் வேண்டாம்.

முதலில் கேட்டதற்கு நேரடியான பதில். (எல்டிஓ என்பது டேப் வகையின் பெயர், பக்கத்தில் இருக்கும் எண் அதன் தலைமுறை.) டேப், எல்டிஓ-8 வாங்குங்கள். டிரைவுக்கு எல்டிஓ-8, எல்டிஓ-9 இரண்டுக்குமே விலை கேளுங்கள். வித்தியாசம் பத்து டேப்பின் விலைக்குள் அடங்கினால் 9, அதைத் தாண்டினால் 8. எல்டிஓ-6 டிரைவை விலைக்கு வாங்காதீர்கள். ஆனால் அதை வைத்திருப்பவரின் போன் நம்பரைத் தொலைத்துவிடாதீர்கள், அவர் தேவைப்படுவார். தம்பி சொல்லும் எல்டிஓ-10 இப்போதைக்கு வேண்டாம். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டீலர் மறுபடி பேசும்போது உங்கள் கையில் பதில் இருக்க வேண்டும்.

இதே கேள்வியை ஓர் ஆடிட்டர் அலுவலகம் கேட்டிருந்தால், ஐந்நூறு ஜிபி கணக்குக்கு டேப் எதற்கு, இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் ஒரு கிளவுட் கணக்கும் போதும் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். இந்தத் தொழிலில் டேப் மலிவு, டிரைவ்தான் யானை விலை. டிரைவுக்கு லட்சக்கணக்கில் போட்ட பணம், டேப் எண்ணிக்கை ஏற ஏறத்தான் செரிக்கும். உங்கள் கணக்குக்குச் செரிக்கும். 46 டிபி, இரண்டு நகல் எடுத்தால் 92. அதற்குமேல் வருடா வருடம் 26. அதுவும் எப்படிப்பட்ட ஃபைல்? எடிட் முடிந்து, ஆல்பம் கொடுத்து, "பெண்ணோட தாத்தா தவறிட்டார், கல்யாண வீடியோவில அவர் பேசினது கிடைக்குமா?" என்று யாராவது வந்து நின்றால் மட்டும் திறக்கப்போகிற ஃபைல். டேப்புக்கு ஏற்ற சரக்கு இதுதான். அலமாரியில் கிடக்கும் டேப்புக்குக் கரண்ட் வேண்டாம். இடி இறங்கி எடிட்டிங் கம்ப்யூட்டர் கருகினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பணம் கேட்டு ஃபைல்களைப் பூட்டும் ரான்சம்வேர் புகுந்து எல்லா டிஸ்க்கையும் பூட்டினாலும் டேப்பைத் தொட முடியாது.

2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் ஒரு சாஃப்ட்வேர் பிழையால் சிலருடைய மெயில்கள் காணாமல் போயின. பல டேட்டா சென்டர்களில் நகல் வைத்திருந்த கூகுளே கடைசியில் டேப்பிலிருந்துதான் அவற்றை மீட்டது. பிழை ஆன்லைனில் இருந்த நகல்களுக்கெல்லாம் பரவிவிட்டது. கம்பி தொடாமல் இருந்த டேப்புக்குப் பரவ வழி இல்லை.

சரி, ஃபார்மட்டுக்கு வருவோம். டேப் வாங்கப் போகிற எல்லோரும் அதில் எத்தனை டிபி பிடிக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் கேட்பது வேறு: இன்றைக்கு எழுதுகிற டேப்பைப் பத்து வருடம் கழித்துப் படிக்க, கைக்கு எட்டும் தூரத்தில் எத்தனை டிரைவ் உயிரோடு இருக்கும்? இந்தப் புத்தி எனக்குச் சும்மா வரவில்லை.

பல வருடம் முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் டேட் 72 என்ற டிரைவ் இருந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கேசட், 36 ஜிபி பிடிக்கும். கணக்குப் பிரிவில் இருந்த அண்ணன் ஒருவர் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு டேப்பை மாற்றுவார். எழுதி முடித்ததை டிபன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார். மூன்று வருடம் ஒரு நாள் தவறவில்லை. அப்புறம் ஒரு நாள் சர்வர் போனது, அதே கரண்ட் அடியில் டிரைவும் போனது. அதனால் என்ன, டேப் இருக்கிறதே என்று வேறு டிரைவ் கொண்டுவந்தோம். டேப்பை உள்ளே தள்ளினால் சிணுங்கும், ஆரஞ்சு விளக்கு மினுக்கும், வெளியே துப்பிவிடும். அடுத்த டேப், அதற்கடுத்த டேப், எல்லாம் அப்படியே.

அந்த வகை டிரைவில், டேப்பில் எழுதிப் படிக்கும் ஹெட் ஓர் உருளையில் பொருத்தப்பட்டுச் சுற்றும். டேப்பின்மேல் சாய்வாகக் கோடு கோடாக எழுதும். உருளை ஒரு மயிரிழை விலகியிருந்தால், அது எழுதியதை அது மட்டும்தான் படிக்க முடியும். எங்கள் டிரைவ் எப்போதிலிருந்தோ அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. மாதம் ஒருமுறை சோதித்துப் பார்க்கத்தான் செய்தோம், ஆனால் அதே டிரைவில். அன்றைக்கு அந்த அண்ணன் டிபன் பையைத் திறந்து, கிழமை எழுதி ஒட்டிய டேப்புகளை மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே இருந்தார். நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் காலத்தில் டேப் என்றாலே ஆளுக்கொரு கட்சி. டிடிஎஸ், டிஎல்டி, சோனியின் ஏஐடி, எக்ஸாபைட்டின் 8 மிமீ, டிராவன் என்று கடை கடையாக இருந்தது. 2000-ல் ஐபிஎம், ஹெச்பி, சீகேட் மூன்றும் சேர்ந்து எல்டிஓவைக் கொண்டுவந்தன. யார் செய்த டேப்பும் யார் செய்த டிரைவிலும் ஓடும் என்பதுதான் அதன் பலம். மற்றவை ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. இன்றைக்கு உங்களைப் போன்றவர்கள் புது டிரைவ் வாங்குவதென்றால் எல்டிஓ ஒன்றுதான். ஐபிஎம்மின் 3592 வகை இருக்கிறது, 2023-ல் ஒரே டேப்பில் 50 டிபி வரை போய்விட்டார்கள், ஆனால் அது பெரிய டேட்டா சென்டர் விவகாரம். எல்டிஓவில் ஹெட் சுற்றுவதில்லை. டேப் நேராக ஓடுகிறது, கடைசிவரை போய்த் திரும்பிவந்து வரிசை வரிசையாக எழுதுகிறது. டேப்பிலேயே ஃபாக்டரியில் பதித்த வழிகாட்டித் தடங்கள் உண்டு, அவற்றைப் பார்த்துத்தான் ஹெட் தன் இடத்தைப் பிடிக்கிறது. டேட் 72 செய்த துரோகத்தை இது அவ்வளவு சுலபமாகச் செய்யாது.

ஆக உங்கள் முன்னால் இருப்பது எந்தத் தலைமுறை எல்டிஓ என்ற கேள்வி மட்டும்தான். 2010-ல் வந்த எல்டிஓ-5 டேப்பில் 1.5 டிபி பிடிக்கும். 2012-ன் எல்டிஓ-6-ல் 2.5, 2015-ன் எல்டிஓ-7-ல் 6, 2017-ன் எல்டிஓ-8-ல் 12, 2021-ன் எல்டிஓ-9-ல் 18. 2025-ல் வந்த எல்டிஓ-10-ல் 30. எல்டிஓ-6-லிருந்து பெட்டிமேல் இதைவிட இரண்டரை மடங்கு பெரிதாக ஓர் எண் அச்சடித்திருப்பார்கள்: எல்டிஓ-8-க்கு 30, எல்டிஓ-9-க்கு 45 என்று. டேட்டாவைச் சுருக்கி எழுதினால் அவ்வளவு என்று அர்த்தம். கேமராவிலிருந்து வரும் வீடியோவும் ஜேபெக் படமும் ஏற்கெனவே சுருங்கியவை, பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் என்ன வரும்? சின்ன எண்ணை மட்டும் பாருங்கள்.

எது எதைப் படிக்கும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எல்டிஓ-7 வரைக்கும் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. ஒரு டிரைவ் தனக்கு முந்தைய தலைமுறை டேப்பில் எழுதும், படிக்கும். அதற்கும் முந்தையதைப் படிக்க மட்டும் செய்யும். எல்டிஓ-8-ல் ஹெட்டின் தொழில்நுட்பம் மாறியது, வழக்கமும் சுருங்கியது. எல்டிஓ-8 டிரைவ் 8-ஐயும் 7-ஐயும் மட்டும் தொடும். எல்டிஓ-9 டிரைவ் 9-ஐயும் 8-ஐயும் மட்டும். எல்டிஓ-10-ல் அதுவும் போய்விட்டது. தன் தலைமுறை டேப்பைத் தவிர வேறெதையும் அது ஏற்காது.

இதை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்டிஓ-9 டேப்பில் எழுதினால் எல்டிஓ-9 டிரைவ் மட்டுமே படிக்கும், 10 கை கொடுக்காது. எல்டிஓ-8 டேப்பில் எழுதினால் 8, 9 என்று இரண்டு தலைமுறை டிரைவ்கள் படிக்கும். உங்கள் டிரைவ் ஒரு முகூர்த்த நாளில் படுத்துவிட்டால், மதுரையிலோ கோவையிலோ யாரிடமாவது ஒன்றை வாடகைக்குப் பிடிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு. நான் எல்டிஓ-8 டேப் என்று சொல்வதற்கு இதுதான் முழுக் காரணம். டீலர் சொல்லும் எல்டிஓ-9 டிரைவ் தப்பில்லை. அதில் எல்டிஓ-8 டேப்பைப் போட்டு ஓட்டுங்கள் என்கிறேன்.

எல்டிஓ-9 டேப்பில் இன்னொரு நச்சரிப்பும் உண்டு. புது டேப்பை முதல்முறை உள்ளே தள்ளியதும் டிரைவ் அதை ஓட்டி ஓட்டி அளந்து பார்க்கும், சில சமயம் இரண்டு மணி நேரம்வரை. அது முடியாமல் ஒரு பைட் எழுத முடியாது. கெட்டுவிட்டதோ என்று பயந்து பாதியில் சுவிட்சை அணைத்தவர்கள் உண்டு. எல்டிஓ-8 டேப்பில் இந்தச் சடங்கு கிடையாது.

எல்டிஓ-10 விஷயத்தில் தம்பியிடம் வாதாட வேண்டாம். தொழில்நுட்பமாக அது அருமையான சரக்கு. ஆனால் புதுத் தலைமுறை வந்த சூட்டோடு வாங்குவதில் ஒரு ஆபத்து உண்டு. எந்தக் கம்பெனி லேபிள் ஒட்டியிருந்தாலும், எல்டிஓ டேப்பைச் செய்வது ஃபுஜிஃபிலிம், சோனி என்ற இரண்டு ஜப்பானியக் கம்பெனிகள்தான். எல்டிஓ-8 வந்த புதிதில் அந்த இரண்டும் காப்புரிமைச் சண்டையில் இறங்கின. டிரைவ் வாங்கியவர்கள் டேப் கிடைக்காமல் காத்துக் கிடந்தார்கள். 2019-ல் சமரசம் ஆனபிறகுதான் சரக்கு ஒழுங்காக வந்தது. ஸ்டுடியோக்காரர் யாருக்கும் அந்தக் காத்திருப்பு தேவையில்லை.

இப்போது எத்தனை டேப் என்று பார்ப்போம். டேப் கம்பெனிக்கு 12 டிபி என்பது விண்டோஸ் கணக்கில் 10.9 டிபி. உங்கள் 46 டிபிக்கு 5 டேப். பழைய எல்டிஓ-5 டேப்புகள் 14-ம் நிரம்பியிருந்தாலும் 2 டேப்பில் அடங்கிவிடும். ஆக 7, இரண்டு நகலுக்கு 14. வருடத்துக்கு 2 டேப், நகலோடு 4. இதே வேலையை எல்டிஓ-6-ல் செய்தால் இப்போதைய 46 டிபிக்கு மட்டும் 21 டேப், நகலோடு 42. ஒவ்வொன்றையும் நீங்கள்தான் உட்கார்ந்து மாற்ற வேண்டும். டிரைவ் விலையில் மிச்சம் பிடித்ததை டேப் விலையிலும் உங்கள் ராத்தூக்கத்திலும் விட்டுவிடுவீர்கள்.

சென்னைக்காரர் சேர்த்துத் தரும் 20 பழைய டேப்பை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். எத்தனை முறை ஓடியது, எந்த வெயிலில் கிடந்தது, யாருக்கும் தெரியாது. டேட்டாவை அழிக்கிறேன் என்று யாராவது பெரிய காந்த மெஷினில் காட்டியிருந்தால், ஃபாக்டரியில் பதித்த வழிகாட்டித் தடங்களும் சேர்ந்து அழிந்திருக்கும். அந்த டேப்பில் அதற்குப்பிறகு எந்த டிரைவாலும் எழுத முடியாது.

டிரைவ் வாங்கும்போது, கம்ப்யூட்டரோடு இணைக்க "சாஸ்" கனெக்‌ஷன் உள்ள, தனிப் பெட்டியில் வரும் எக்ஸ்டர்னல் மாடல் கேளுங்கள். பழைய மார்க்கெட்டில் டிரைவ் அதிசயமாக மலிவாகக் கிடைத்தால், ஒன்று அது ஃபைபர் சேனல் என்ற வேறு வகை இணைப்பு உள்ள டிரைவாக இருக்கும், அல்லது டேப்பைத் தானே மாற்றும் பெரிய டேப் லைப்ரரி மெஷினிலிருந்து உருவி எடுத்ததாக இருக்கும். முன்னதை இணைக்கத் தனிக் கார்டும் கேபிளும் தேட வேண்டும். பின்னது லைப்ரரி இல்லாமல் தனியாக ஓட மறுக்கலாம். சாஸ் டிரைவுக்கு உங்கள் எடிட்டிங் கம்ப்யூட்டரில் ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் காலியாக இருக்க வேண்டும். அதில் டிரைவை இணைக்கும் சாஸ் ஹெச்பிஏ கார்டு போட வேண்டும். பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு கார்டை விற்கப் பார்ப்பார்கள், அது வேண்டாம். கேபிளின் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்காது. டிரைவ் பக்கம் என்ன சாக்கெட், கார்டு பக்கம் என்ன சாக்கெட் என்று போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கேபிள் வாங்குங்கள். ஒரு கேபிளுக்காகப் புது டிரைவ் பத்து நாள் பெட்டியிலேயே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். லேப்டாப் மட்டும்தான் இருக்கிறது என்றால் தண்டர்போல்ட் டிரைவ் உண்டு, விலை இன்னும் ஏறும். கூடவே ஹெட்டைச் சுத்தம் செய்யும் கிளீனிங் கேட்ரிட்ஜ் ஒன்று வாங்கிவிடுங்கள். டிரைவ் கேட்கும்போது மட்டும் போடுங்கள், வாரா வாரம் போட்டால் ஹெட்தான் தேயும்.

அடுத்தது, யாரும் சொல்லித்தராத விஷயம். டேப் டிரைவுக்குப் பசி அதிகம். சின்ன அளவு எல்டிஓ-8 டிரைவ் நொடிக்கு 300 எம்பி விழுங்கும். அந்த வேகத்தில் ஒரு டேப் நிரம்பப் பதினொரு மணி நேரம். ஊட்டுவது மெதுவானால் அது வேகத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கும். அதற்கும் கீழே போனால் டேப்பை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி முன்னால் ஓட்டி, விட்ட இடத்தைப் பிடிக்கும். காதாலேயே கண்டுபிடிக்கலாம். நன்றாக ஓடும் டிரைவ் ஒரே சீராக இரையும். பட்டினி கிடக்கும் டிரைவ் "விர்ர்ர், டக், விர்ர்ர், டக்" என்று மூச்சு வாங்கும். ஷூவுக்குப் பாலிஷ் போடும் துணி போல டேப் முன்னும் பின்னும் தேய்வதால் இதை ஷூ ஷைனிங் என்பார்கள். டேப்பும் ஹெட்டும் சீக்கிரம் தேயும், பதினொரு மணி நேர வேலை இரண்டு நாள் இழுக்கும்.

உங்கள் பீரோவில் இருக்கும் யுஎஸ்பி டிஸ்க்கிலிருந்து நேரடியாக டேப்புக்கு எழுதினால் இதுதான் நடக்கும். அந்த டிஸ்க் நொடிக்கு நூறு, நூற்றிருபது எம்பி கொடுத்தாலே பெரிது. ஆயிரக்கணக்கான சின்னப் படங்கள் என்றால் அதுவும் கிடையாது. அதனால் கம்ப்யூட்டருக்குள் நான்கு டிபி எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். டிஸ்க்கிலிருந்து முதலில் அதற்கு, அதிலிருந்து டேப்புக்கு. மூன்று தவணையாக ஒரு டேப்பை நிரப்பலாம், டிரைவும் மூச்சு வாங்காது.

எந்த சாஃப்ட்வேரில் எழுதுவது? உங்கள் அளவுக்கு எல்டிஎஃப்எஸ் போதும். எல்டிஓ-5-லிருந்து வந்த வசதி இது. டேப் ஒரு பென் டிரைவ் மாதிரி ஃபோல்டரும் ஃபைலுமாகத் திறக்கும். சாஃப்ட்வேர் இலவசம், முறையும் வெளிப்படையானது, உலகத்தில் எந்த எல்டிஎஃப்எஸ் கம்ப்யூட்டரிலும் படிக்கலாம். விலை கொடுத்து வாங்கும் பேக்கப் சாஃப்ட்வேர் பல, தங்கள் பாணியில்தான் டேப்பில் எழுதும். அந்தக் கம்பெனி மூடினாலோ லைசென்ஸ் தொலைந்தாலோ டேப் கையில் இருந்தும் பயனில்லை. எல்டிஎஃப்எஸ்ஸில் மறக்கக் கூடாதது ஒன்று. ஃபைலை அழித்தால் பெயர்தான் மறையும், டேப்பில் இடம் திரும்பக் கிடைக்காது. எனவே அழித்து அழித்து எழுதாமல், வேலை முடிந்த கல்யாணத்தை மட்டும் ஏற்றுங்கள். எழுதுமுன் ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம் (ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க உதவும் எண்) எடுத்து, அந்தப் பட்டியலையும் டேப்பிலேயே போடுங்கள். எந்தக் கல்யாணம் எந்த டேப்பில் என்று ஓர் எக்செல் ஷீட் வேண்டும். அதை உங்கள் மெயிலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். சாவி போட்டுப் பூட்டி எழுதும் என்கிரிப்ஷன் வசதி இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். சாவியைத் தொலைத்தால் போட்டவருக்கும் திறக்காது.

வைக்கிற இடம். நீண்ட காலம் வைப்பதற்குத் தயாரிப்பாளர்கள் சொல்வது 16 முதல் 25 டிகிரி வெப்பம், 20 முதல் 50 சதவீதம் ஈரப்பதம். அப்படி வைத்தால் 30 வருடம் தாங்கும் என்கிறார்கள். காரைக்குடியில் சித்திரை வெயிலுக்கு அதை எங்கே தேடுவது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த பழைய வீடு என்றால் நடுவில் இருக்கும் உள்ளறை நீங்கள் நினைப்பதைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கும். மேற்குச் சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம். டேப்பை அதன் பிளாஸ்டிக் உறையோடு, புத்தகம் போல நிறுத்தி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஏசி அறையில் பகலில் 22 டிகிரி, ராத்திரி அணைத்தபின் 33 என்று ஏறி இறங்குவதைவிட, எப்போதும் 27-ல் இருக்கும் அறையே மேல் என்பது என் அனுபவம். வெளியிலிருந்து கொண்டுவந்த டேப்பை ஒரு நாள் அறையில் வைத்து ஆறவிட்டுத்தான் டிரைவில் போட வேண்டும்.

இரண்டாவது நகல் ஸ்டுடியோவில் இருக்கக் கூடாது, அதே தெருவிலும் வேண்டாம். உறவினர் வீடு வேறு ஊரில் இருந்தால் அங்கே, அதுவும் மாடியில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் சர்வரும் பேக்கப்பும் ஒரே தரைத்தளத்தில் மூழ்கியதை நேரில் பார்த்தவன் சொல்கிறேன்.

இனி அந்த 14 டேப். எல்டிஓ-5 டேப்பைப் படிக்கக்கூடியவை எல்டிஓ-5, 6, 7 டிரைவ்கள் மட்டும்தான். நீங்கள் வாங்கப்போகும் 8-ஓ 9-ஓ அதை ஏறெடுத்தும் பார்க்காது. டீலர் இதைச் சொல்லியிருக்க மாட்டார், நீங்கள் கேட்டிருக்கவும் மாட்டீர்கள். படிக்கக்கூடிய டிரைவ்கள் மார்க்கெட்டில் வருடா வருடம் குறைகின்றன. அதனால் புது டிரைவ் வாங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. சென்னைக்காரரிடம் அவருடைய எல்டிஓ-6-ஐ இரண்டு வாரம் வாடகைக்குக் கேளுங்கள். டெபாசிட் கேட்டால் கொடுங்கள். டிரைவைத் தூக்கிவருமுன் அவர் இடத்திலேயே கம்ப்யூட்டரில் மாட்டி, ஐபிஎம்மின் ஐடிடிடி போன்ற இலவசச் சோதனை சாஃப்ட்வேரை ஓட்டி, அவருடைய டேப் ஒன்றில் எழுதிப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கிளீனிங் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் டிரைவில் உங்கள் டேப் போகக் கூடாது.

வீட்டில் டேப்புகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுங்கள். மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே எதுவோ உடைந்து கலகலத்தால் தனியே வையுங்கள். பின்பக்க மூலையில் இருக்கும் சின்னக் கதவை விரலால் நகர்த்தினால் ஓர் உலோகப் பின் தெரியும், அதைப் பிடித்துத்தான் டிரைவ் டேப்பை உள்ளே இழுக்கும். அந்த உலோகப் பின் இரண்டு முனையிலும் கவ்விய நிலையில் நேராக நிற்க வேண்டும். எப்போதோ கீழே விழுந்த டேப்பில் அது நழுவியிருக்கும், அதைப் போட்டால் டிரைவும் மாட்டிக்கொள்ளும். டேப்பை மட்டும் விரலால் தொடாதீர்கள். பிறகு முன்பக்கம் பூட்டுப் படம் போட்ட சின்ன விசையைப் பூட்டும் நிலைக்குத் தள்ளுங்கள். 14-லும் தள்ளிவிட்டீர்களா என்று கணவரை ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள். தெரியாமல் யாராவது ஃபார்மட் பட்டனை அழுத்தினாலும் அப்போது ஒன்றும் நடக்காது.

ஒரு எல்டிஓ-5 டேப் முழுக்கப் படிக்கச் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு இரண்டு வீதம் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம். படித்ததைப் பெரிய ஹார்ட் டிஸ்க் இரண்டில் வைத்திருந்து, புது டிரைவ் வந்ததும் எல்டிஓ-8-க்கு ஏற்றுங்கள். எந்த டேப்பையாவது டிரைவ் துப்பினால், இன்னொரு முறை கிளீனிங் போட்டுவிட்டுப் பாருங்கள். அப்போதும் துப்பினால் விட்டுவிடுங்கள், அது டேட்டா ரெகவரி ஆட்கள் பார்க்க வேண்டிய கேஸ். முதலில் எதைப் போடுவது என்று கேட்பீர்கள். 14-ல் எந்தக் கல்யாணம் போனாலும் பரவாயில்லையோ, அது. உங்கள் தொழிலில் இருப்பவரிடம் இப்படிச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் தெரியாத டிரைவில் முதல் டேப் என்பது பலியாடு.

2012-ல் எந்த சாஃப்ட்வேரில் எழுதினீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அந்தப் பழைய கம்ப்யூட்டர் பரணில் இருந்தால் இறக்குங்கள், அதன் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப்போட்டுவிட வேண்டாம். சாஃப்ட்வேர் சிடி, லைசென்ஸ் பேப்பர், அப்போது டிரைவ் விற்றவரின் பில் எது கிடைத்தாலும் உதவும். ஒன்றுமே கிடைக்காவிட்டால், முதல் டேப்பின் தொடக்கத்திலிருந்து ஒரு எம்பி மட்டும் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எல்டிஎஃப்எஸ்ஸா, வேறு பேக்கப் சாஃப்ட்வேரா என்று அதன் தலைப்பைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.